மருத்துவமனை டேட்டா என்ட்ரியில் பிழையைக் குறைப்பது எப்படி: மேற்பார்வையாளருக்கான முழுமையான வழிகாட்டி

நோயாளி பதிவுகளில் பிழை மலிந்துவிட்டது என்று புகார் வந்ததும் புதிய மேற்பார்வையாளர் பெரும்பாலும் இரண்டு காரியம் செய்வார். "கவனமாகப் பதியவும்" என்று ஒரு சுற்றறிக்கை போடுவார். அடுத்த வாரம் ஒரு மணி நேரப் பயிற்சி வகுப்பு வைப்பார். இரண்டு வாரம் பிழை குறைந்ததுபோலத் தெரியும். பிறகு பழையபடியே ஆகிவிடும். நானும் இப்படித்தான் தொடங்கினேன். எனக்குப் பின் வந்தவர்களும் அதே பள்ளத்தில் கால் வைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பிழை செய்கிறவருக்குப் பெரும்பாலும் சரியான முறை தெரிந்தே இருக்கும். தெரிந்தும் தவறுகிறார் என்றால் ஸ்கிரீனோ, படிவமோ, ஷிப்ட் அமைப்போ அவரை அங்கே தள்ளுகிறது. அதனால்தான் இங்கே பயிற்சி ஒன்பதாவது படியாக வருகிறது. வரிசையை மாற்றினால் வேலை இரட்டிப்பாகும்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

படிவத்தையும் ஸ்கிரீனையும் மாற்ற நிர்வாகத்தின் ஒப்புதல் முதலில் வேண்டும். இது இல்லாமல் தொடங்கினால் ஏழாவது படியில் முட்டி நிற்பீர்கள். அதுவரை உங்களோடு உழைத்த ஊழியர்கள் அதன்பின் உங்களை நம்ப மாட்டார்கள்.

சாஃப்ட்வேர் பக்கம் ஒருவர், வார்டு பக்கம் ஒரு மூத்த செவிலியர், மெடிக்கல் ரெக்கார்ட்ஸில் ஒருவர் என மூன்று பேர் போதும். பெரிய குழு அமைத்தால் கூட்டம்தான் நடக்கும். மாதிரிப் பதிவுகளைச் சரிபார்க்க ஒருவருக்கு வாரத்தில் சில மணி நேரத்தை டியூட்டி அட்டவணையிலேயே ஒதுக்கிவிடுங்கள். "நேரம் கிடைக்கும்போது பார்க்கிறேன்" என்றால் அந்த நேரம் கிடைக்காது.

1. தண்டனைப் பேச்சை முதலில் முடியுங்கள்

பிழையை எண்ணப்போகிறோம் என்று தெரிந்த உடனே எல்லோர் மனதிலும் ஒரே கேள்விதான் இருக்கும்: யார் தலை உருளும்? இதற்குப் பதில் சொல்லாமல் எண்ண ஆரம்பித்தால் பிழைகள் குறையாது, ஒளிந்துகொள்ளும். தவறாகப் பதிந்தவர் தானே வந்து சொல்ல மாட்டார். பக்கத்தில் இருப்பவரும் காட்டிக்கொடுக்க மாட்டார்.

எழுத்தில் கொடுங்கள். கைத்தவறும் மறதியும் ஒழுங்கு நடவடிக்கைக்கு வராது. எடுக்காத அளவை எடுத்ததுபோல் பதிவதும், அடுத்தவர் லாகினில் புகுந்து திருத்துவதும் வரும். இந்தக் கோடு எங்கே விழுகிறது என்று முதல் நாளே எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

2. ஒரு நாள் முழுக்கப் பக்கத்தில் உட்காருங்கள்

ரிசப்ஷன், அவசரப் பிரிவு, வார்டு, லேப், பில்லிங் என ஒரு நோயாளியின் விவரம் போகிற வழியெல்லாம் நீங்களும் போங்கள். ஒவ்வொரு இடத்திலும் இரண்டே கேள்வி: இந்தத் தகவல் முதன்முதலில் எங்கே எழுதப்பட்டது? ஸ்கிரீனுக்கு வருமுன் எத்தனை கை மாறியது?

துண்டுச் சீட்டு, கையுறையின் பின்புறம், உள்ளங்கை என்று எழுதப்படும் இடங்களைப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். ஒரு முறை கை மாறினால் பிழைக்கு ஒரு வாய்ப்பு கூடுகிறது. ரத்த அழுத்தத்தை எடுத்தவர் சீட்டில் எழுதி, இன்னொருவர் ஷிப்ட் முடிவில் மொத்தமாகப் பதிந்தால், பதிந்தவரைக் கேட்டுப் பயனில்லை. அவர் அந்த நோயாளியைப் பார்த்ததே இல்லை.

இரவு ஷிப்டிலும் ஒரு நாள் உட்காருங்கள். பகலில் நடக்கும் முறையும் இரவில் நடக்கும் முறையும் ஒன்றாக இருப்பது அபூர்வம்.

3. பத்துக் கட்டங்களைத் தேர்ந்தெடுங்கள்

படிவத்திலும் ஸ்கிரீனிலும் நிரப்ப வேண்டிய நூற்றுக்கணக்கான கட்டங்களையும் ஒரே நேரத்தில் திருத்த முடியாது. தவறினால் நோயாளிக்கு உடனே தீங்கு வரக்கூடியவற்றை முதலில் எடுங்கள்: நோயாளி எண், பெயர், பிறந்த தேதி, ஒவ்வாமை, எடை, மருந்தின் அளவும் அலகும், ரத்த வகை. அடுத்ததாக, பல துறைகள் ஒருசேர நம்பியிருப்பவை: அனுமதித்த நேரம், நோய்க்குறியீடு, டிஸ்சார்ஜ் நிலை.

புதியவர்கள் இங்கே செய்யும் தவறு, எண்ண வசதியாக இருப்பதைத் தேர்ந்தெடுப்பது. தொலைபேசி எண்ணில் எத்தனை இலக்கம் என்று எண்ணுவது சுலபம்தான். ஆனால் எடை தவறினால் மருந்தளவே தவறும்.

4. "சரி" என்றால் என்ன என்று எழுதிவையுங்கள்

இதைத் தாண்டிப் போனால் ஐந்தாவது படியில் சண்டை வரும். ஒருவர் பிழை என்பதை இன்னொருவர் "எங்கள் வார்டில் அப்படித்தான்" என்பார். ஒவ்வொரு கட்டத்துக்கும் பொருள், அலகு, எழுதும் முறை, பதிய வேண்டியவர், பதிய வேண்டிய நேரம் ஆகியவை ஒரே பக்கத்தில் இருக்கட்டும். குறிப்பாக இவற்றை விட்டுவிடாதீர்கள்:

தேதி. 03/04 என்பது ஏப்ரல் 3 ஆகவும் இருக்கலாம், மார்ச் 4 ஆகவும் இருக்கலாம். நாளும் மாதமும் 12க்குள் இருந்தால் தேதியை மட்டும் பார்த்து எந்த மென்பொருளாலும் இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க முடியாது. மாதத்தை எழுத்தில் காட்டுங்கள்.

தசமப் புள்ளி. ஒன்றுக்குக் குறைந்த அளவில் புள்ளிக்கு முன் பூஜ்யம் வேண்டும்: 0.5. முழு எண்ணுக்குப் பின்னால் புள்ளியும் பூஜ்யமும் கூடாது: 5 என்று மட்டும் எழுதுங்கள், 5.0 வேண்டாம். புள்ளி கண்ணில் படாமல் போனால் .5 ஐந்தாகிறது, 5.0 ஐம்பதாகிறது. இரண்டுமே பத்து மடங்கு மருந்து.

காலிக் கட்டம். "தெரியாது", "கேட்கவில்லை", "இல்லை" மூன்றும் வேறு வேறு. ஒவ்வாமைக் கட்டம் காலியாக இருந்தால் ஒவ்வாமை இல்லை என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். ஒருவேளை யாருமே கேட்டிருக்க மாட்டார்கள். மூன்றுக்கும் தனித்தனித் தெரிவு வையுங்கள்.

பெயர். குடும்பப் பெயர் முன்னாலா பின்னாலா, எந்த அடையாள ஆவணத்தைப் பார்த்து எழுத்துகளைப் பதிவது என்று முடிவு செய்யுங்கள். ஆளுக்கொரு எழுத்துக்கூட்டில் எழுதினால் ஒரே நோயாளிக்கு இரண்டு கோப்பு உருவாகும், ஒவ்வாமைத் தகவல் ஒன்றில் மட்டும் இருக்கும். பிறந்த குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். இரட்டைக் குழந்தைகளுக்குப் பாலினம், பிறந்த தேதி, தாயின் பெயர் எல்லாமே ஒன்றாக இருக்கலாம். மருத்துவமனைகளுக்குத் தர அங்கீகாரம் தரும் அமெரிக்காவின் ஜாயின்ட் கமிஷன் குழந்தைகளுக்குத் தனித்துத் தெரியும் பெயர்முறை வேண்டும் என்று 2019 முதல் கேட்கிறது. தாயின் பெயரோடு பிறப்பு வரிசையையும் சேர்த்தெழுதுவது நல்ல தொடக்கம்.

நோய்க்குறியீடு. உலக சுகாதார நிறுவனம் வெளியிடும் நோய்க்குறியீட்டுத் தொகுப்பின் (ICD) பதினோராவது பதிப்பு 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. பத்தாவதை இன்னும் பயன்படுத்தும் இடங்களும் உண்டு. உங்கள் இடத்தில் எது என்பதை எழுதிவையுங்கள். இரண்டும் கலந்தால் அறிக்கை எதற்கும் உதவாது.

5. பிழையை எண்ணுங்கள்

மாற்றம் எதையும் செய்யுமுன் எண்ண வேண்டும். அப்போதுதான் செய்த மாற்றம் பலித்ததா என்று பின்னால் தெரியும்.

எல்லா ஷிப்டிலிருந்தும், வார இறுதியிலிருந்தும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்ததுபோல் பதிவுகளை எடுங்கள். அவற்றை மூல ஆதாரத்தோடு ஒப்பிடுங்கள்: கையெழுத்துப் படிவம், லேப் கருவியின் அச்சு, அடையாள ஆவணம். ஸ்கிரீனில் ஒரு பக்கத்தை இன்னொரு பக்கத்தோடு ஒப்பிட்டால் ஒரே தவறு இரண்டு இடத்திலும் இருப்பதைப் பார்த்துச் சரியென்று குறிப்பீர்கள்.

முக்கியமான கட்டங்களுக்கு இரட்டைப் பதிவு நல்ல முறை. இரண்டாமவர் முதல் பதிவைப் பார்க்காமல் மூலத்திலிருந்து மீண்டும் பதிய வேண்டும். முதல் பதிவைத் திரையில் வைத்துக்கொண்டு "சரிபார்க்கச்" சொன்னால், கண் எதிர்பார்ப்பதையே படிக்கும்.

கணக்கில் இரண்டு பொறி இருக்கிறது. முதலாவது, கட்டம் ஒன்றுக்கு 99 சதவீதம் சரி என்றால் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு பதிவில் 20 கட்டங்கள் இருந்து, ஒவ்வொன்றிலும் பிழை தனித்தனியாக நேர்ந்தால், முழுக்கச் சரியான பதிவுகள் 82 சதவீதம் அளவில்தான் இருக்கும். ஆறில் ஒரு பதிவுக்கு மேல் எங்கோ ஒரு தவறு. அதனால் கட்ட அளவையும் பதிவு அளவையும் சேர்த்தே சொல்லுங்கள்.

இரண்டாவது, 100 பதிவு பார்த்து ஒரு பிழையும் இல்லை என்றால் பிழையே இல்லை என்று பொருளல்ல. மூன்றை மாதிரி எண்ணிக்கையால் வகுங்கள்: உண்மையான விகிதம் 3 சதவீதம் வரைகூட இருக்கலாம். 300 பார்த்தும் பூஜ்யம் என்றால் 1 சதவீதத்துக்குள் என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம்.

ஆள்வாரியாக எண்ணி வரிசைப்படுத்தாதீர்கள். நான் செய்து அவமானப்பட்டிருக்கிறேன். பட்டியலில் முதலில் வந்த செவிலியர்தான் வார்டின் பாதிப் பதிவுகளைச் செய்துகொண்டிருந்தார். விகிதமாகப் பார்த்தால் அவர் பிழை மற்றவர்களைவிடக் குறைவு.

6. பிழைகளை வகை பிரியுங்கள்

எத்தனை என்பதைவிட எந்த மாதிரி என்பது அதிகம் சொல்லும். வகை தெரிந்தால் காரணம் பாதி தெரிந்துவிடும்.

இலக்கம் இடம் மாறுவது: 1473 என்பது 1743 ஆவது. இரண்டின் வித்தியாசம் 270, ஒன்பதால் மீதியின்றி வகுபடும். இரண்டு இலக்கம் இடம் மாறினால் எப்போதும் இப்படித்தான் வரும். கணக்குப்பிள்ளைகளுக்குத் தெரிந்த பழைய வித்தை, இங்கேயும் உதவும்.

கட்டம் மாறுவது: உயரம் 62, எடை 158. ஓர் இடத்தில் இதற்காக ஊழியர்களைத் திரும்பத் திரும்பக் கடிந்துகொண்டோம். கடைசியில் பார்த்தால் காகிதப் படிவத்தில் எடை முதலில், ஸ்கிரீனில் உயரம் முதலில். வரிசையை ஒன்றாக்கியதும் அந்த வகைப் பிழை ஏறக்குறைய நின்றுபோனது.

அலகு மாறுவது: ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 5.5 மில்லிமோல் என்பது டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 99 மில்லிகிராம். 18ஆல் பெருக்க வேண்டும். எடையில் பவுண்டும் கிலோவும் குழம்பினால் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். இதில் ஆபத்து, தவறான எண்ணும் நம்பும்படியாக இருக்கும்.

உருட்டிச் சொல்வது: ரத்த அழுத்த அளவுகளின் கடைசி இலக்கத்தை மட்டும் எண்ணிப் பாருங்கள். 2 மி.மீ. கோடு உள்ள கருவியில் பூஜ்யம் ஐந்தில் ஒரு பங்கு வர வேண்டும், டிஜிட்டல் கருவியில் பத்தில் ஒரு பங்கு. பாதிக்குப் பாதி பூஜ்யமாக இருந்தால் அளவுகள் உத்தேசமாக எழுதப்படுகின்றன. ஜனவரி 1ஆம் தேதி பிறந்தவர்கள் மிதமிஞ்சி இருந்தாலும் அதே கதைதான். தேதி தெரியாதபோது நிரப்பியிருப்பார்கள்.

நகல் ஒட்டுவது: நேற்றைய குறிப்பை எடுத்து இன்றைய தேதி போடுவது. சிறுநீர் வெளியேறப் பொருத்திய குழாயை எடுத்து மூன்று நாளான பின்னும் குறிப்பில் குழாய் இருக்கும். எழுத்துப்பிழை எதுவும் இருக்காது, எல்லாம் சுத்தமாகத் தெரியும். அதனால்தான் இதைக் கடைசியாகக் கண்டுபிடிக்கிறோம்.

ஆள் மாறுவது: சரியான விவரம், தவறான நோயாளி. எண்ணிக்கையில் குறைவாக இருந்தாலும் இதைத்தான் முதலில் கையில் எடுக்க வேண்டும்.

7. ஸ்கிரீனையும் படிவத்தையும் திருத்துங்கள்

ஆறாவது படியில் அதிகம் வந்த இரண்டு மூன்று வகைகளை மட்டும் எடுங்கள். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஊழியர்களுக்கும் பழகிய இடத்தில் பட்டன் இல்லாமல் புதுப் பிழைகள் வரும்.

ஆள் மாறாட்டத்துக்கு: நோயாளியை உறுதிசெய்ய இரண்டு அடையாளம் வேண்டும், அறை எண்ணும் படுக்கை எண்ணும் அதில் சேராது. நோயாளி இடம் மாறுவார், எண் மாறாது. கைப்பட்டையின் பார்கோடை ஸ்கேன் செய்ய முடிந்தால் எண்ணைத் தட்டச்சு செய்யும் வேலையே இல்லை. ஆனால் ஸ்கேன் ஆகாத பட்டைகளைச் சுற்றி உருவாகும் குறுக்குவழிகளைக் கவனியுங்கள். பட்டையின் நகலை மேசையில் ஒட்டிவைத்து ஸ்கேன் செய்தால் பாதுகாப்பு போய்விட்டது. பெயர், பிறந்த தேதி, முடிந்தால் புகைப்படம், மூன்றும் ஒவ்வொரு திரையின் மேலேயும் நகராமல் நிற்கட்டும்.

நோயாளி எண்ணுக்கு: கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். மற்ற இலக்கங்களிலிருந்து கணக்கிட்டு வரும் இலக்கம் அது, எண்ணைத் தவறாகத் தட்டினால் ஒத்துவராது. அதைக் கணக்கிடும் லூன் முறை ஓர் இலக்கத் தவறு எல்லாவற்றையும் பிடிக்கும், ஆனால் 09 என்பது 90 ஆக மாறினால் விட்டுவிடும். 1969இல் வந்த வெர்ஹோஃப் முறை பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறுவதையும் முழுமையாகப் பிடிக்கிறது.

எண் கட்டங்களுக்கு: இரண்டு எல்லை வையுங்கள். நடக்கவே முடியாததை மென்பொருள் ஏற்கக் கூடாது. அபூர்வமானதை "உறுதியா?" என்று கேட்டு ஏற்கலாம். ஒன்றோடு ஒன்று ஒப்பிடும் விதிகள் இன்னும் நல்லவை: கீழ் அழுத்தம் மேல் அழுத்தத்தைவிட அதிகமா, டிஸ்சார்ஜ் நேரம் அனுமதிக்கு முந்தியதா, நேற்று 14 கிலோ இருந்த குழந்தை இன்று 41 கிலோவா? அலகைக் கட்டத்திலேயே அச்சடித்துவிடுங்கள், தேர்ந்தெடுக்க விடாதீர்கள்.

இங்கே இரண்டு தவறு அடிக்கடி நடக்கும். ஒன்று, எல்லாக் கட்டத்தையும் கட்டாயமாக்குவது. நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாதென்றால் 9999999999 என்ற தொலைபேசி எண்ணும், ஒற்றைப் புள்ளி முகவரியும் வந்து சேரும். காலிக் கட்டம் குறைந்தபட்சம் உண்மையைச் சொல்லியது. மற்றொன்று, எச்சரிக்கைகளை அள்ளித் தெளிப்பது. ஒரு ஷிப்டில் ஐம்பது முறை "உறுதியா?" என்று கேட்டால் ஐம்பத்தோராவது முறை யாரும் படிக்க மாட்டார்கள். எத்தனை எச்சரிக்கை அப்படியே தாண்டப்படுகிறது என்று மாதம் ஒருமுறை பார்த்து, எல்லோரும் தாண்டுவதை எடுத்துவிடுங்கள்.

டிராப்டவுனில் முன்கூட்டியே ஒரு பதில் தேர்வாகி நிற்கக் கூடாது. ரத்த வகைக் கட்டம் ஏதோ ஒரு வகையில் நின்றால், அவசரத்தில் அதுவே பதிவாகும்.

8. நேரம், இடம், ஆள்

இந்தப் படிதான் மேலாண்மையின் சொந்த வேலை. இதை வேறு யார் மேலும் தள்ள முடியாது.

அளவெடுத்த இடத்திலேயே, எடுத்தவரே பதிய வேண்டும். அதற்குப் படுக்கைக்குப் பக்கத்தில் வேலை செய்யும் கணினி வேண்டும். மூன்று பேருக்கு ஒரு கணினி இருந்தால் துண்டுச் சீட்டு ஒழியாது. சுற்றறிக்கை போட்டும் ஒழியாது.

லாகின் ஆக அதிக நேரம் பிடித்தால் ஒருவர் லாகினில் எல்லோரும் பதிவார்கள். பாஸ்வேர்டைப் பகிராதே என்று எச்சரிப்பதைவிட, அடையாள அட்டையைத் தட்டினால் திறக்கும் ஏற்பாடு கேளுங்கள். யார் பதிந்தார் என்று தெரியாத பதிவில் சந்தேகம் வந்தால் கேட்க ஆளில்லை.

ரிசப்ஷனில் பதிபவரே தொலைபேசியையும் எடுக்கிறாரா? பிரியுங்கள். பாதியில் நிறுத்தித் திரும்பும்போது அடுத்த நோயாளியின் விவரம் முந்தைய திரையில் விழும். ஆளைக் கூட்ட முடியாவிட்டாலும், கூட்டம் அதிகமான இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் வேலையை மாற்றிப் பிரிக்கலாம்.

ஷிப்ட் மாற்றத்தில் நிலுவைப் பதிவு அடுத்தவர் தலையில் விழக் கூடாது. கடைசி 15 நிமிடம் பதிவுக்கென்றே அட்டவணையில் இருக்கட்டும்.

9. இப்போது பயிற்சி

இதுவரை செய்ததில் மிச்சமிருக்கும் பிழைகளுக்கு மட்டும்தான் பயிற்சி. அதனால் சிறியதாகவே இருக்கும். உங்கள் இடத்திலேயே நடந்த பிழைகளில் பத்தை, பெயர்களை நீக்கிவிட்டு எடுங்கள். பயிற்சித் திரையில் கொடுத்து "எங்கே தவறு, ஏன் நடந்திருக்கும்" என்று கேளுங்கள். விதிகளை வாசித்துக் காட்டும் வகுப்பைவிட இருபது நிமிடம் இப்படிப் பேசுவது மனதில் நிற்கும்.

பதிவு எங்கே போகிறது என்றும் காட்டுங்கள். தான் பதிந்த எடையை வைத்து மருந்தகம் அளவு கணக்கிடுவதை நேரில் பார்த்தவர் எடையை உத்தேசமாக எழுதத் தயங்குவார். தற்காலிக ஊழியர்களையும் மாணவர்களையும் விட்டுவிடாதீர்கள், பலமுறை அவர்கள்தான் அதிகம் பதிகிறார்கள்.

10. தவறைத் திருத்த ஒரே வழி வையுங்கள்

தவறாகப் பதிந்ததை அழிக்கக் கூடாது. பழைய மதிப்பு, புதிய மதிப்பு, திருத்தியவர், நேரம், காரணம் ஐந்தும் நிற்க வேண்டும். தவறான எண்ணைப் பார்த்து ஒரு மருத்துவர் ஏற்கெனவே முடிவெடுத்திருக்கலாம். அழித்துவிட்டால் அந்த முடிவு ஏன் எடுக்கப்பட்டது என்று யாருக்கும் புரியாது.

அதே காரணத்தால், திருத்தியதும் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். ரத்த வகையையும் ஒவ்வாமையையும் திருத்தினால் லேபுக்கும் மருந்தகத்துக்கும் தொலைபேசியில் சொல்ல வேண்டும். திருத்தம் தானாகவே எல்லாத் திரைக்கும் போய்விடும் என்று நம்பாதீர்கள். அச்செடுத்த தாள் எங்காவது இருக்கும்.

11. வாரம் 15 நிமிடம்

பிழை விகிதத்துக்கு ஒரு வரைபடம், வாரத்துக்கு ஒரு புள்ளி, பாதிப் புள்ளிகள் மேலும் பாதி கீழும் விழும்படி நடுவில் இடைநிலைக் கோடு. ஒரு வாரம் ஏறினால் கூப்பிட்டுக் கேட்பதும், இறங்கினால் பாராட்டுவதும் வேண்டாம். புள்ளிகள் தாமாகவே மேலும் கீழும் ஆடும். கோட்டின் ஒரே பக்கம் தொடர்ந்து 6 புள்ளிகள் வந்தால் ஏதோ உண்மையாகவே மாறியிருக்கிறது. அப்போது கேளுங்கள்.

கூட்டத்தில் ஒரே ஒரு பிழையை எடுத்துப் பேசுங்கள். "யார்" என்ற கேள்வி எழுந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பிழையைத் தானாக வந்து சொன்னவருக்கு என்ன மாற்றம் நடந்தது என்று அதே வாரம் பதில் போக வேண்டும். இரண்டு முறை பதில் வராவிட்டால் மூன்றாம் முறை சொல்ல மாட்டார். இலக்கு வைத்து அதற்குப் பரிசு வைப்பதையும் தவிருங்கள். எண்ணிக்கை அழகாகும், பதிவு அப்படியே இருக்கும்.

12. சிஸ்டம் நிற்கும் நாளுக்கு

ஸ்கிரீனில் இருக்கும் அதே வரிசையில் காகிதப் படிவம் அச்சிட்டு ஒவ்வொரு வார்டிலும் வையுங்கள். சிஸ்டம் திரும்பியதும் யார் பதிவார், அளவெடுத்த நேரமா பதிந்த நேரமா எதைப் போடுவது என்பதையும் படிவத்தின் தலைப்பிலேயே எழுதுங்கள். எடுத்த நேரத்தைத்தான் போட வேண்டும். இல்லாவிட்டால் காலை ஆறு மணிக் காய்ச்சல் மதியம் இரண்டு மணிக்கு வந்ததாகத் தெரியும். பின்பதிவு முடிந்த அன்றே அதில் ஒரு மாதிரியை எடுத்து ஒப்பிட்டுவிடுங்கள்.